சைட் இன்ஜினியருக்கு வெறும் கட்டம், ஸ்டோர் கீப்பருக்கு ரேட்டு: ரிப்போர்ட் பெர்மிஷன் எங்கே கோளாறாகிறது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, மாதவரம் என்று மூன்று சைட் ஓடுகிறது. எட்டு மாதம் முன்பு ஒரு கட்டுமான மேலாண்மை சாஃப்ட்வேர் வாங்கினீர்கள். ரிப்போர்ட்டை வெறுமனே பார்க்கத்தானே போகிறார்கள் என்று எல்லாருக்கும் 'வியூ ஒன்லி' கொடுத்துவிட்டீர்கள். இப்போது மாதவரம் சைட் இன்ஜினியர் மாத ரிப்போர்ட்டைத் திறந்தால் தலைப்பும் கட்டமும்தான் வருகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அதே ரிப்போர்ட்டில் கொருக்குப்பேட்டை ஸ்டோர் கீப்பருக்கு மூன்று சைட்டின் கம்பி ரேட்டும் தெரிகிறது, அது ஒரு சப்ளையர் காதுவரைக்கும் போய்விட்டது. முதலாளி, ஸ்டோர் கீப்பரை வீட்டுக்கு அனுப்பு, ரிப்போர்ட்டை எல்லாருக்கும் மூடு என்கிறார். நீங்கள் யாருக்கு எந்தப் பெர்மிஷன் என்று ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். பட்டியல் தரலாம், ஆனால் ஒரே செட்டிங் ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு அதிகமாகவும் எப்படிக் காட்டியது என்று தெரியாமல் பட்டியலைப் போட்டால் அடுத்த மாதம் வேறு யாருக்கோ இதே கதை நடக்கும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வண்ணாரப்பேட்டைக்காரன், இந்தத் தொழிலில் பதினாறு வருடம். முதல் பாதி பில்லிங் இன்ஜினியராக, அப்புறம் கான்ட்ராக்டர் ஆபீஸ்களில் இந்த மாதிரி சாஃப்ட்வேரை ஓட வைக்கும் வேலையில். உங்கள் சாஃப்ட்வேர் எது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆகவே எந்தப் பட்டனை அழுத்துவது என்று என்னால் சொல்ல முடியாது. எங்கேயும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன். உங்களிடம் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன்.

வீட்டு வாசலுக்கு ஒரு சாவி, உள்ளே பீரோவுக்கு ஒரு சாவி. ரிப்போர்ட்டும் அப்படித்தான். ரிப்போர்ட் என்ற பக்கத்தைத் திறக்கும் அனுமதி வேறு, அந்த ரிப்போர்ட் எங்கிருந்து எண்ணை எடுக்கிறதோ அந்த இடத்தைப் பார்க்கும் அனுமதி வேறு. ப்ரோகோர் மாதிரியான சாஃப்ட்வேரில் ஒவ்வொரு டூலுக்கும் தனித்தனியாக நன் (எந்த அனுமதியும் இல்லை), ரீட் ஒன்லி, ஸ்டாண்டர்ட், அட்மின் என்று நான்கு நிலை உண்டு. ரிப்போர்ட்டும் ஒரு டூல், பட்ஜெட்டும் ஒரு டூல், டெய்லி லாக் என்ற அன்றாடப் பதிவும் ஒரு டூல். ரிப்போர்ட்டுக்கு ரீட் ஒன்லி வைத்துவிட்டு பட்ஜெட்டுக்கு நன் என்று விட்டால், அந்த ஆள் பட்ஜெட் ரிப்போர்ட்டுக்குள் போய் ஒன்றும் பார்க்க முடியாது. வேலைத் திட்டமிடலுக்கான ப்ரைமவேரா சாஃப்ட்வேரில் இன்னும் ஒரு படி உண்டு. எந்த ப்ராஜெக்டுக்குள் யார் நுழையலாம் என்பதை நிறுவனக் கட்டமைப்பு மரத்தில் அவரை எங்கே உட்கார வைத்திருக்கிறோம் என்பது தீர்மானிக்கிறது, உள்ளே நுழைந்த பிறகும் செலவு எண்களைப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் தேதிகள் எல்லாம் தெரியும், பணம் மட்டும் தெரியாது.

உங்கள் மாதவரம் இன்ஜினியருக்கு வாசல் சாவி கிடைத்திருக்கிறது, பீரோ சாவி கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாதிக்கு மேல் தடவை நான் பார்த்த காரணம் இன்னும் அற்பமானது. அவர் பெயரை அந்த ப்ராஜெக்டின் டீமில் சேர்த்திருக்க மாட்டார்கள், அல்லது வேறு சைட்டிலிருந்து மாற்றும்போது பழைய சைட்டிலேயே விட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். அதற்கடுத்து, ரிப்போர்ட்டில் 'அப்ரூவ் ஆனது மட்டும்' என்று ஒரு ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள், சைட்டில் போட்ட அளவுகளை ஆபீசில் யாரும் அப்ரூவ் செய்யாமலே கிடந்தால் ரிப்போர்ட் காலியாகத்தான் வரும். அது பெர்மிஷன் பிரச்சினையே இல்லை, ஆனால் போன் பண்ணுகிறவர் எல்லாரும் 'எனக்குப் பெர்மிஷன் இல்லை சார்' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஸ்டோர் கீப்பர் விஷயம் நேர் எதிர். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சில சாஃப்ட்வேரில் ரிப்போர்ட்டை உருவாக்கியவரின் அனுமதியோடு ரிப்போர்ட் ஓடும், பார்ப்பவரின் அனுமதியோடு ஓடாது. முதலாளி லாகினில் உட்கார்ந்து ஒருவர் 'எல்லா சைட் மெட்டீரியல் ரிப்போர்ட்' என்று செய்து ஷேர் செய்துவிட்டால், அதைத் திறக்கிற எல்லாரும் அந்த நிமிடம் முதலாளி கண்ணால் பார்க்கிறார்கள். உங்களுடையது எந்த ரகம் என்பதை பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன். இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. ரேட்டு என்ற நெடுவரிசையை ஒளித்துவிட்டு, அளவையும் மொத்தத் தொகையையும் விட்டுவைப்பார்கள். உதாரணத்துக்கு எட்டு டன் கம்பி, தொகை 4,80,000 என்று போட்டிருந்தால் டன் அறுபதாயிரம் என்பதைக் கண்டுபிடிக்க கால்குலேட்டர்கூட வேண்டாம். தொகையை எடுத்துவிட்டு பட்ஜெட்டில் எத்தனை சதவீதம் போயிற்று என்று மட்டும் காட்டினாலும், பட்ஜெட் தொகை வேறொரு ரிப்போர்ட்டில் தெரிந்தால் முடிந்தது கதை. ஒரு எண்ணை மறைக்கவேண்டுமென்றால் அதைக் கணக்குப்போட உதவுகிற எல்லா எண்ணையும் சேர்த்துத்தான் மறைக்க வேண்டும்.

அடுத்தது 'வியூ ஒன்லி' என்ற வார்த்தை. மாற்ற முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம், எடுத்துப்போக முடியாது என்று அர்த்தம் இல்லை. பிடிஎஃப் ஆகவோ எக்செல் ஆகவோ இறக்கும் உரிமை பல சாஃப்ட்வேரில் பார்க்கும் உரிமையோடு ஒட்டியே வரும், சிலதில்தான் தனி டிக். இறக்கிவிட்ட பிறகு அந்த ஃபைலுக்கு எந்தப் பெர்மிஷனும் கிடையாது, அது வாட்ஸ்அப்பில் எங்கே வேண்டுமானாலும் போகும். நானே இதில் மாட்டியிருக்கிறேன். மணலி பக்கம் ஒரு வேலை, லேபர் கான்ட்ராக்டர் ஒருவர் தன் பில் கணக்கைக் கேட்டார். எல்லா கான்ட்ராக்டரும் இருந்த எக்செல் பிவட் டேபிளில் (பெரிய ஷீட்டைச் சுருக்கிக் காட்டும் அட்டவணை) அவர் பெயரை மட்டும் ஃபில்டர் செய்து, மூல ஷீட்டை அழித்துவிட்டு, சுத்தமாக அனுப்பிவிட்டோம் என்ற திருப்தியில் மெயில் போட்டேன். பிவட் டேபிள் தன் வயிற்றுக்குள் மொத்தத் தரவையும் ஒரு நகல் வைத்திருக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. அவர் பையன் காலேஜில் காமர்ஸ் படித்துக்கொண்டிருந்தான், ஃபில்டரை எடுத்துவிட்டான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். "சார், அந்தாளுக்கு சென்ட்ரிங் ரேட்டு அவ்வளவு, எனக்கு மட்டும் ஏன் சார் கம்மி?" நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து வெளியாளுக்குப் போவது எதுவானாலும் பிடிஎஃப்தான், எக்செல்தான் வேண்டுமென்றால் வெறும் மதிப்புகளாக ஒட்டிய புது ஃபைல்.

பவர் பிஐ வைத்து டாஷ்போர்டு செய்கிற கம்பெனிகளில் இதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு. 'அவரவர் சைட் வரிகளை மட்டும் காட்டு' என்று வரிவாரியான பாதுகாப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்தப் பாதுகாப்பு வொர்க்ஸ்பேஸில் (ரிப்போர்ட்டுகளை வைத்துப் பகிரும் பொது இடம்) வியூவராக இருப்பவரைத்தான் கட்டுப்படுத்தும். யாரையாவது அவசரத்துக்கு மெம்பர் அல்லது கான்ட்ரிபியூட்டர் ஆக்கிவிட்டால் அவருக்கு எல்லா வரியும் தெரியும். பக்கத்தையோ நெடுவரிசையையோ ஹைட் செய்வதும் பாதுகாப்பு அல்ல, திரை போட்டு மூடுவது மாதிரிதான்.

தானாகப் போகும் மெயில் இன்னொரு ஓட்டை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் செலவு ரிப்போர்ட் பதினோரு பேருக்குப் போகும்படி ஒருவர் என்றோ வைத்திருப்பார். லாகினை மூடினாலும் பல இடங்களில் அந்தப் பட்டியலில் ஈமெயில் முகவரி அப்படியே நிற்கும், ஏனென்றால் மெயில் வாங்க லாகின் தேவையில்லை. வேலையை விட்டு வேறு கான்ட்ராக்டரிடம் சேர்ந்த ஒருவர், நல்ல மனிதர், ஐந்து மாதம் கழித்து எனக்குப் போன் செய்து "அண்ணே, இன்னும் எனக்கு வருது, நிறுத்திடுங்க, எனக்கே சங்கடமா இருக்கு" என்றார். எல்லாரும் அப்படிப் போன் செய்யமாட்டார்கள். லிங்க் வைத்திருக்கிற யாரும் திறக்கலாம் என்ற வகைப் பகிர்வும் இதே கணக்கில் சேரும்.

சரி, யாருக்கு என்ன என்பதற்கு வருவோம். பதவியைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்த ஆள் என்ன முடிவு எடுப்பார் என்று பார்த்துக் கொடுங்கள். அரசு வேலை செய்தவர்களுக்கு இது புதிதில்லை. பொதுப்பணித்துறை எம் புக்கை, அதாவது வேலை அளவுகளை எழுதும் மெஷர்மென்ட் புக்கை, நினைத்துப் பாருங்கள், பக்கத்துக்கெல்லாம் எண் போட்டிருக்கும், எழுதியதை அழிக்கக் கூடாது, தப்பென்றால் கோடு போட்டு அடித்து தேதியோடு சுருக்கொப்பம் வைக்க வேண்டும், அளந்து எழுதுவது ஒருவர், செக் மெஷர்மென்ட் எடுப்பது, அதாவது அந்த அளவைச் சரிபார்ப்பது, அவருக்கு மேலே ஒருவர். எழுதுபவர், சரிபார்ப்பவர், பணம் கொடுப்பவர் மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதைக் கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தத் தடிமனான புத்தகம் செய்துகாட்டிவிட்டது. உங்கள் சாஃப்ட்வேரிலும் அளவை ஏற்றுபவரும் அப்ரூவ் செய்பவரும் ஒரே லாகினாக இருந்தால், ரிப்போர்ட் பெர்மிஷனை எவ்வளவு அழகாகப் போட்டாலும் ரிப்போர்ட்டில் வருகிற எண்ணை நம்ப முடியாது.

ஸ்டோர் கீப்பருக்கு ரேட்டு தேவையே இல்லை. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, கையிருப்பு எவ்வளவு, இவ்வளவுதான் அவர் உலகம். பர்ச்சேஸ் ஆர்டரை அவர் பார்க்கவேண்டி வரும், ஆனால் விலை இல்லாத பிரதியைத்தான். இன்னும் கறாரான இடங்களில் ஆர்டர் அளவைக்கூடக் காட்டமாட்டார்கள், லோடை எண்ணிப் பார்த்து அவரே அளவைப் போட வேண்டும், அப்புறம் ஆபீசில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஆர்டரில் பத்து டன் என்று தெரிந்தால் எண்ணாமலே பத்து என்று எழுதுவது மனித இயல்பு. ராத்திரியில் எம் சாண்ட் இறங்குகிற சைட்டுக்கு இந்த முறையை நான் சிபாரிசு செய்வேன்.

சைட் இன்ஜினியர் விஷயத்தில்தான் எனக்கும் பல முதலாளிகளுக்கும் ஒத்துப்போகாது. செலவைக் காட்டாதே, காட்டினால் வெளியே போய் தனியாகக் கான்ட்ராக்ட் எடுப்பான் என்பார்கள். எப்படியும் எடுக்கிறவன் எடுக்கத்தான் போகிறான். தன் சைட்டில் சிமென்ட் எவ்வளவு போகவேண்டும், எவ்வளவு போனது என்பதையே பார்க்க முடியாதவரிடம் வேஸ்டேஜைக் குறை என்று சொல்வதில் என்ன அர்த்தம்? சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் எட்டு மூட்டை சிமென்ட், பன்னிரண்டு எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, இந்தக் கணக்குகளை வைத்து அவர் சைட்டின் போகவேண்டியதும் போனதும் அளவில் அவருக்குத் தெரியட்டும். லாபம், கிளையன்ட் ரேட்டு, மற்ற சைட் விவரம் வேண்டாம். சீனியராக இருந்தால் தன் சைட்டின் பட்ஜெட் தொகையையும் காட்டலாம் என்பது என் கருத்து, இதில் உங்கள் முதலாளியின் மனசுதான் கடைசித் தீர்ப்பு.

சப் கான்ட்ராக்டர், மேஸ்திரிக்கு அவரவர் ஆர்ஏ பில் (வேலை நடக்க நடக்கப் போடும் ரன்னிங் பில்) மட்டும், ஆனால் முழுசாக: அளந்தது எவ்வளவு, ஒப்புக்கொண்டது எவ்வளவு, அட்வான்ஸ் பிடித்தது, ரிடென்ஷன் (உத்தரவாதமாகப் பிடித்து வைக்கும் தொகை), மீதி. இதைக் காட்டினால் சனிக்கிழமை சாயங்காலச் சண்டையில் பாதி குறையும். ஒன்று மட்டும் கவனம், சரிபார்க்காத ட்ராஃப்ட் அளவு அவருக்குத் தெரியக் கூடாது. இன்று 140 என்று பார்த்துவிட்டு நாளை 128 ஆகக் குறைந்தால், வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

கிளையன்டுக்கும் கன்சல்டன்டுக்கும் டெய்லி ப்ராக்ரஸ் ரிப்போர்ட் போகும்போது ரிமார்க்ஸ் நெடுவரிசையைப் பார்க்க மறக்காதீர்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ரெடி மிக்ஸ் வண்டி மாட்டிக்கொண்டு ஸ்லாப் தள்ளிப்போனது என்று ஒருவர் எழுதுவார். அதே நாளில் இன்னொருவர் 'சென்ட்ரிங் ஆள் பற்றாக்குறை' என்று எழுதுவார். பின்னால் கால நீட்டிப்பு கேட்கும்போது கிளையன்ட் இரண்டாவதைத்தான் எடுத்து நீட்டுவார். உள் குறிப்புக்குத் தனி நெடுவரிசை வைத்து அதை வெளியாருக்கு மூடுங்கள். அதற்காக உள்ளே ஒரு காரணம், வெளியே ஒரு காரணம் என்று எழுதச் சொல்லவில்லை, வழக்கு என்று வந்தால் இரண்டும் மேசைக்கு வரும்.

நீங்களே பில்டராக இருந்து அது ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு ப்ராஜெக்ட் என்றால் இன்னொன்று. வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சிஏ மூவரும் சான்று தந்தால்தான் எடுக்கலாம். அந்தச் சான்றுக்குப் போகிற முன்னேற்ற சதவீதத்தை யார் பூட்டுகிறார்கள் என்று ஒரே ஒருவர் பெயர் இருக்கட்டும். கம்பெனியாகப் பதிவானவர்களுக்கு, கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. உங்கள் சைட் சாஃப்ட்வேர் அந்த விதிக்குள் வருமா என்பது அது கணக்குப் புத்தகத்தோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை உங்கள் ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். சட்டம் என் துறை இல்லை. ஆனால் கூலி ரிப்போர்ட்டில் தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் பேங்க் கணக்கும் முழுசாக வந்தால் ஆடிட்டரைக் கேட்காமலே இன்றே மறையுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 என்று ஒன்று இருப்பது ஒருபக்கம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிற ஆட்களின் நம்பர் பதினைந்து போனில் சுற்றுவது சரியில்லை என்பது இன்னொருபக்கம். கடைசி நான்கு இலக்கம் போதும்.

எல்லாவற்றையும் மூடு என்கிற முதலாளிக்கு ஒரு வார்த்தை. மூடினால் ரிப்போர்ட் நிற்காது, வாட்ஸ்அப் குரூப்புக்கு மாறும். தொண்டியார்பேட்டையில் ஒரு சைட் ஆபீஸில் அட்மின் பாஸ்வேர்டை ஒயிட் போர்டில், அன்றைய சிமென்ட் கையிருப்புக்குக் கீழே, எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தப்பு அந்தப் பையன்கள்மேல் இல்லை. தன் வேலைக்கு வேண்டிய எண்ணைப் பார்க்க தினம் நான்கு பேருக்குப் போன் செய்யவேண்டியிருந்தது, ஒரு லாகினை வாங்கி எல்லாரும் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அதன் பிறகு யார் எதைப் பார்த்தார், யார் எதை மாற்றினார் என்று சாஃப்ட்வேர் பதிவைப் பார்த்தும் பயன் இல்லை.

இந்த வாரம் செய்யவேண்டியது. ஸ்டோர் கீப்பர், சைட் இன்ஜினியர், சப் கான்ட்ராக்டர், கிளையன்ட் என்று நான்கு டம்மி லாகின் உருவாக்குங்கள், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு சைட்டில் சேருங்கள். அட்மின் லாகினில் 'அவர் மாதிரிப் பார்' என்ற வசதி இருந்தாலும் அதை நம்பாதீர்கள், தனி போனில் நிஜமாகவே லாகின் செய்து, இருக்கிற ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் திறந்து, இறக்கிப் பாருங்கள். ஸ்டோர் கீப்பர் டம்மிக்கு வேறு சைட்டின் வரி தெரிந்தால், ரிப்போர்ட் உருவாக்கியவர் அனுமதியில் ஓடுகிறது, அல்லது அந்த ரோலுக்கு மூன்று சைட்டும் திறந்திருக்கிறது. எது என்று பார்க்க அதே ரிப்போர்ட்டை டம்மி லாகினிலேயே புதிதாக உருவாக்கிப் பாருங்கள், அப்போது தெரியவில்லை என்றால் முதல் காரணம்தான். ரோல் டெம்ப்ளேட்டில்தான் (ஒரே வகை வேலை செய்கிற எல்லாருக்குமான பொது அனுமதி அமைப்பு) மாற்றுங்கள், ஆளாளுக்குத் தனித்தனியாகத் திருத்த ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் யாருக்கும் கணக்கு தெரியாது. பிறகு தானியங்கி மெயில் பட்டியலையும் பகிர்ந்த லிங்குகளையும் எடுத்து, வேலையில் இல்லாதவர்களை நீக்குங்கள். ஆள் விலகும் நாளிலேயே இதைச் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், நம் ஊரில் தீபாவளி போனஸ் வாங்கிய மறுவாரம்தான் அதிகம் தேவைப்படும்.

ஸ்டோர் கீப்பரைப் பற்றிக் கடைசியாக. ரேட்டு அவர் கண்ணுக்குத் தெரிந்தது உங்கள் செட்டிங்கால், அதை அவர் தேடிப்போகவில்லை. அவர் வழியாகத்தான் வெளியே போயிற்று என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? அந்த ரிப்போர்ட் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாஃப்ட்வேரில் யார் எப்போது திறந்தார், யார் இறக்கினார் என்ற பதிவு இருந்தால் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, சப்ளையர் அந்த ரேட்டைச் சொன்ன தேதிக்கு முந்தைய இரண்டு வாரத்தைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் அவரை அனுப்ப வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள்.